குப்பை எங்கே போகிறது?

காலையில் வீட்டைப் பெருக்குகிறார்கள். பால் காய்ச்சுகிறார்கள். காய் நறுக்குகிறார்கள். மீன் கழுவுகிறார்கள். ஒவ்வொரு வேலையிலும் கொஞ்சம் குப்பை சேர்கிறது. காய்த்தோல், மீன் செதில், முட்டை ஓடு, பால் பாக்கெட், கிழிந்த தாள் எல்லாம் ஒரே வாளியில் விழுகின்றன. வாளி நிறைந்ததும் யாராவது ஒருவர் அதை வெளியே கொண்டு போய்க் கொட்டுகிறார். வீடு சுத்தமாகி விட்டது. குப்பை போய் விட்டது.

குப்பை எங்கே போனது?

ஒரு நகரமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்த நகரத்தின் பெயர் ஆலப்புழை.

நீர் சூழ்ந்த நகரம்

ஆலப்புழை கேரள மாநிலத்தில் உள்ளது. நகரத்தின் மேற்கே அரபிக் கடல். கிழக்கே வேம்பநாட்டுக் காயல். நடுவே பல கால்வாய்கள். தென்னை மரங்கள் நிறைந்த ஊர். கயிறு திரிப்பது இங்கே பழைய தொழில். படகில் சுற்றிப் பார்க்க வெளிநாட்டினரும் வருகிறார்கள்.

அழகான ஊர்தான். ஆனால் குப்பை கொட்ட இங்கே இடம் இல்லை. நிலம் தாழ்வானது. கொஞ்சம் தோண்டினால் தண்ணீர் வரும். குப்பையைக் குழியில் போட்டால் அதன் சாறு கிணற்று நீரில் கலந்து விடும். கால்வாயில் போட்டால் நீர் ஓடாமல் தேங்கும். தேங்கிய நீரில் கொசு பெருகும்.

கொசுவின் கொடுமையை இந்த மாவட்டத்து மக்கள் நன்கு அறிவார்கள். யானைக்கால் நோய் ஒரு காலத்தில் இங்கே அதிகம். 2006-ஆம் ஆண்டில் சிக்குன்குனியா காய்ச்சல் இந்த மாவட்டத்தில் கடுமையாகப் பரவியது. வேலைக்குப் போனவர்கள் மூட்டு வலியால் எழ முடியாமல் படுத்தார்கள்.

சிக்குன்குனியாவைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டை இடுகிறது. வீசி எறிந்த தேங்காய்ச் சிரட்டையில் மழைநீர் நின்றால் அதற்குப் போதும். பிளாஸ்டிக் குவளை, பழைய டயர், உடைந்த பானை எதுவும் போதும். சுமார் ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகி விடும்.

சர்வோதயபுரத்தின் துன்பம்

ஆலப்புழை நகரத்தின் குப்பை பல ஆண்டுகள் லாரிகளில் வெளியே சென்றது. பக்கத்தில் உள்ள சர்வோதயபுரம் என்ற இடத்தில் கொட்டப்பட்டது. நகரத்து வீடுகள் சுத்தமாக இருந்தன. சர்வோதயபுரத்தில் குப்பை மலை போலக் குவிந்தது.

அந்த மலையின் பக்கத்திலும் வீடுகள் இருந்தன. அந்த வீடுகளிலும் குழந்தைகள் இருந்தார்கள். சோறு உண்ண உட்கார்ந்தால் நாற்றம். இலையில் ஈ. மழை பெய்தால் குப்பையிலிருந்து கறுப்புச் சாறு வடிந்தது. அந்த மக்கள் அந்தக் குப்பையைப் போடவில்லை. ஆனால் துன்பம் அவர்களுக்கு வந்தது.

மக்கள் முறையிட்டார்கள். பிறகு போராடினார்கள். 2012-ஆம் ஆண்டில் போராட்டம் முற்றியது. குப்பை லாரிகளை ஊருக்குள் விட மறுத்தார்கள்.

லாரிகள் நின்றன. ஆனால் நகரத்தில் சமையல் நிற்கவில்லை. குப்பையும் நிற்கவில்லை. தெருமுனைகளில் குப்பை குவிந்தது. கால்வாய்களில் மிதந்தது. சர்வோதயபுரம் மக்கள் பல ஆண்டு அனுபவித்த நாற்றத்தை நகரத்து மக்கள் இப்போது அனுபவித்தார்கள்.

அப்போதுதான் நகரத்து மக்களுக்கு ஓர் உண்மை தெளிவாகத் தெரிந்தது. வீசி எறிந்த குப்பை மறைந்து போவதில்லை. ஒரு வீட்டு வாசலை விட்டு இன்னொரு வீட்டு வாசலுக்குப் போகிறது.

நாற்றம் எப்படி வருகிறது?

காய்த்தோலைத் தனியாக வெயிலில் போட்டால் காய்ந்து விடுகிறது. காய்ந்த இலையைக் குவித்து வைத்தால் நாறுவதில்லை. கண்ணாடி நாறுவதில்லை. தகரம் நாறுவதில்லை. பிறகு குப்பைமேடு ஏன் நாறுகிறது?

எல்லாவற்றையும் ஒன்றாகக் கலப்பதால்தான்.

குப்பை இரண்டு வகை. ஒன்று மக்கும் குப்பை. மற்றொன்று மக்காத குப்பை. காய்த்தோல், பழத்தோல், மிஞ்சிய சோறு, மீன் கழிவு, தேயிலைச் சக்கை, இலை, பூ ஆகியவை மக்கும். பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம், ரப்பர் ஆகியவை மக்காது.

மக்கும் குப்பையை மண்ணில் உள்ள மிகச் சிறிய உயிர்கள் தின்கின்றன. இந்த நுண்ணுயிர்கள் கண்ணுக்குத் தெரியாது. இவற்றில் நன்மை செய்பவை வாழக் காற்று வேண்டும். காற்று கிடைத்தால் குப்பை சில வாரங்களில் மண் வாசனை உள்ள உரமாகி விடும்.

மிஞ்சிய சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? உள்ளே காற்று போகாது. காற்று இல்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும். குப்பை அழுகும். நாற்றம் வரும். மீத்தேன் என்ற வாயு உண்டாகும். அது எளிதில் தீப்பற்றும்.

கொச்சி நகரம் ஆலப்புழைக்கு வடக்கே உள்ளது. கொச்சியின் குப்பை பிரம்மபுரம் என்ற இடத்தில் குவிந்து கிடந்தது. 2023-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் அந்தக் குப்பை மலையில் தீப்பற்றியது. பத்து நாட்களுக்கு மேல் புகைந்தது. நகரம் முழுவதும் புகை சூழ்ந்தது. மக்கள் மூச்சு விடத் திணறினார்கள்.

அடுப்படியில் இரண்டு குப்பைகள் ஒரே வாளியில் விழுந்தன. கெடுதல் அங்கேதான் தொடங்கியது. எனவே மாற்றமும் அடுப்படியில்தான் தொடங்க வேண்டும்.

வீட்டிலேயே உரம்

2012-ஆம் ஆண்டின் இறுதியில் ஆலப்புழை நகராட்சி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயர் ‘நிர்மல பவனம் நிர்மல நகரம்’. தூய்மையான வீடு, தூய்மையான நகரம் என்பது இதன் பொருள். மக்கும் குப்பையை வெளியே அனுப்பக் கூடாது. அது உண்டான இடத்திலேயே உரமாக வேண்டும். இதுதான் திட்டத்தின் கருத்து.

இதற்கு மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, குழாய் உரம். ஒரு வீட்டுக்கு இரண்டு குழாய்கள் வேண்டும். நல்ல அகலமான பி.வி.சி. குழாய் போதும். அகலம் 8 அங்குலம். உயரம் சுமார் 4 அடி. குழாயின் ஒரு முனையை ஓர் அடி ஆழம் மண்ணில் நட வேண்டும். அடியில் சிறு கற்களைப் போட வேண்டும். அதன் மேல் கொஞ்சம் சாணம் கரைத்து ஊற்ற வேண்டும். பிறகு நாள்தோறும் மக்கும் குப்பையைப் போட்டு மூடி விட வேண்டும்.

ஒரு குழாய் நிறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அது நிறைந்ததும் மூடி வைத்து விட்டு இரண்டாவது குழாயில் போடலாம். இரண்டாவது நிறைவதற்குள் முதல் குழாயில் உரம் உருவாகி வரும். குழாயை உயர்த்தி உரத்தை எடுத்துக் கொள்ளலாம்.

இரண்டாவது வழி, எரிவாயுக் கலம். மிஞ்சிய சோறு, கஞ்சி, காய்த்தோல் ஆகியவற்றை மூடிய கலத்தில் ஊற வைக்கிறார்கள். அதில் எரிவாயு உண்டாகிறது. நாள்தோறும் சிறிது நேரம் அடுப்பு எரிக்க அது உதவுகிறது. இடமும் வசதியும் உள்ள வீட்டுக்கு இது ஏற்றது.

மூன்றாவது வழி, பொதுத் தொட்டி. நெருக்கமான தெருவில் குழாய் நட மண் இருக்காது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு நகராட்சி பல இடங்களில் தொட்டிகளை அமைத்தது. தொட்டியின் பக்கங்களில் இடைவெளி உண்டு. அதன் வழியே காற்று போகும். சாணம் ஓர் அடுக்கு. காய்ந்த இலை ஓர் அடுக்கு. குப்பை ஓர் அடுக்கு. இப்படி மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். சுமார் 90 நாட்களில் உரம் கிடைக்கிறது. இந்த முறை திருச்சூர் மாவட்டத்தில் உள்ள தும்பூர்முழி கால்நடைப் பண்ணையில் உருவானது.

புழு வந்தால் என்ன செய்வது?

உரம் போடத் தொடங்கிய சிலர் பாதியில் விட்டு விடுகிறார்கள். “நாறுகிறது, புழு வருகிறது” என்று சொல்கிறார்கள். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான்.

குழம்பு, மோர், சாம்பார் போன்றவற்றைக் குழாயில் ஊற்றக் கூடாது. வடித்து விட்டுச் சக்கையை மட்டும் போட வேண்டும். ஈரம் கூடினால் காற்று போக வழி இருக்காது.

ஒரு கைப்பிடி ஈரக் குப்பை போட்டால் ஒரு கைப்பிடி காய்ந்த பொருளும் போட வேண்டும். காய்ந்த இலை போடலாம். மரத்தூள் போடலாம். தென்னை நார்த்தூள் போடலாம். மீன் கழுவிய நாளில் இவற்றைக் கூடுதலாகப் போட வேண்டும். அப்போது நாற்றம் அடங்கும். புழுவும் குறையும்.

உரம் சரியாக இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்க்கலாம். பிடித்தால் உதிரியான மண் போல இருக்க வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. மழை பெய்த மண்ணின் வாசனை வர வேண்டும்.

குழாய் வாங்க முடியாத வீட்டில் பழைய மண்பானை போதும். பக்கங்களில் சிறு துளைகள் போட்டு, மேலே மூடி வைத்தால் அதுவும் உரப்பானை ஆகி விடும்.

மூன்று பாத்திரங்கள்

2016-ஆம் ஆண்டில் இந்திய அரசு திடக்கழிவு பற்றிய விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று அந்த விதிகள் கூறின.

முதல் பாத்திரம் ஈரக் குப்பைக்கு. இது உரமாகும்.

இரண்டாவது பை உலர்ந்த குப்பைக்கு. தாள், அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் இதில் போகும். பால் பாக்கெட்டைக் கழுவி, கவிழ்த்துக் காய வைத்துப் போட வேண்டும். கழுவாத பாக்கெட்டில் பால் புளித்து நாறும். அதை எவரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். கழுவிய பாக்கெட் மீண்டும் ஒரு பொருளாகும்.

மூன்றாவது பெட்டி கெடுதலான குப்பைக்கு. பழைய பேட்டரி, உடைந்த டியூப்லைட், காலாவதியான மருந்து, ஊசி ஆகியவற்றைத் தனியாக வைக்க வேண்டும். மாதவிடாய்த் துணியையும் குழந்தையின் அரைக்கச்சையையும் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இப்படிப் பிரிப்பதால் யாருக்கு நன்மை? குப்பை எடுக்க வருபவருக்குத்தான் முதல் நன்மை. கலந்த குப்பையை அவர் கையால் கிளற வேண்டியிருக்கிறது. உடைந்த கண்ணாடி அவர் கையைக் கிழிக்கிறது. ஊசி குத்துகிறது. கேரளத்தில் ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாக வந்து உலர்ந்த குப்பையை வாங்கிச் செல்கிறார்கள். அவர்களும் ஒரு வீட்டின் தாய்மார்கள்தான். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றிக் கொடுத்தால் ஒரு கை காயப்படாமல் தப்பும்.

வீட்டுக்குள் வராத குப்பை

பிரிப்பது நல்லது. குப்பை வராமல் தடுப்பது அதைவிட நல்லது.

கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துச் சென்றால் ஒரு பிளாஸ்டிக் பை குறைகிறது. மீன் வாங்கப் பாத்திரம் கொண்டு போனால் இன்னொரு பை குறைகிறது. எண்ணெய்க்குப் பழைய பாட்டிலையே கொண்டு போகலாம். சோப்பு, சீயக்காய் போன்றவற்றைச் சிறு சிறு பாக்கெட்டாக வாங்காமல் பெரிதாக ஒன்று வாங்கலாம். பணமும் மிஞ்சும். உறையும் குறையும்.

சோற்றை அளந்து வடிக்க வேண்டும். மிஞ்சினால் நீர் ஊற்றிப் பழையது ஆக்கலாம். கிழிந்த துணி கைப்பிடித் துணியாகும். அறுந்த செருப்பைத் தைத்துப் போடலாம். இவை பாட்டிமார்களுக்குத் தெரிந்த பழக்கங்கள்தான்.

திருமணத்திலும் விருந்திலும் ஒரே நாளில் பெரும் குப்பை சேர்கிறது. வாழை இலையும் எவர்சில்வர் தம்ளரும் இருந்தால் அந்தக் குப்பை இல்லை. இலை மாட்டுக்குப் போகும், அல்லது உரமாகும். தம்ளரைக் கழுவி வைக்கலாம்.

அரசும் சட்டம் இயற்றியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சு குழல் ஆகியவை 2022-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பைகளுக்கு அதே ஆண்டு டிசம்பர் 31 முதல் தடை வந்தது. ஆனால் துணிப்பை எடுக்கும் பழக்கம் இல்லாவிட்டால் சட்டம் தாளிலேயே நின்று விடும்.

எரித்தால் என்ன?

“சேர்த்து வைத்து எரித்து விட்டால் போகிறது” என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. பிளாஸ்டிக் எரியும்போது நச்சுப் புகை வருகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை அதைச் சுவாசிக்கிறது. எரித்தவரும் சுவாசிக்கிறார். இருமலும் மூச்சுத் திணறலும் கூடும். குப்பையைக் காற்றில் எறிவதும் எறிவதுதான்.

யாருடைய வேலை?

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். அங்கே மருமகள் தன் மாமியாரிடம் கேட்கிறாள்.

“அத்தை, மூன்று பாத்திரம் வைக்கச் சொல்கிறார்கள். பாக்கெட்டைக் கழுவச் சொல்கிறார்கள். உரக் குழாயைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே விடிந்ததிலிருந்து வேலை. இதையும் நான்தான் செய்ய வேண்டுமா?”

“நியாயமான கேள்விதான் அம்மா. குப்பை நீ மட்டும் போட்டதா? வீட்டில் எல்லாரும்தானே போட்டார்கள்?”

மாமியார் மகனைக் கூப்பிடுகிறார். “தம்பி, இனிமேல் குழாயும் சருகும் உன் பொறுப்பு. சந்தைக்குப் போகும்போது பையை மறக்கவும் கூடாது.” பேரனையும் கூப்பிடுகிறார். “நீ சாப்பிட்ட பிஸ்கட் தாளை நீயே உலர்ந்த பையில் போடு.”

வேலை நான்காகப் பிரிந்து விட்டது. ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள்தான். வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழுந்தால் நல்ல பழக்கம் ஒரு மாதம்கூட நிற்காது. பங்கிட்டுக் கொண்டால் நிலைக்கும்.

ஒரு கணக்கு

ஒரு வீட்டில் 4 பேர் இருப்பதாக வைத்துக் கொள்ளலாம். ஒருவர் ஒரு நாளைக்கு 300 கிராம் குப்பை போடுகிறார்.

ஒரு நாளைக்கு 4 × 300 = 1,200 கிராம். அதாவது 1 கிலோ 200 கிராம்.

ஓர் ஆண்டுக்கு 365 நாட்கள். ஆண்டுக்கு 438 கிலோ.

இதில் பாதி மக்கும் குப்பை என்று கொண்டால் 219 கிலோ.

இதைப் போல 1,000 வீடுகள் இருந்தால் 2,19,000 கிலோ. அதாவது 219 டன். ஒரு லாரி 5 டன் ஏற்றும் என்றால் ஏறத்தாழ 44 லாரி.

அந்த 1,000 வீடுகளும் உரம் போட்டால் 44 லாரி குப்பை இன்னோர் ஊருக்குப் போகாது.

உலகம் பாராட்டியது

ஆலப்புழையில் நகராட்சி குழாய்களைப் பெருமளவு மானியத்தில் கொடுத்தது. மக்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். சர்வோதயபுரத்துக்குக் குப்பை போவது பெரிதும் குறைந்தது. தெருமுனையில் குப்பை கொட்டிய இடங்களில் தொட்டிகள் வந்தன. உரம் காய்கறித் தோட்டங்களுக்குப் போனது.

2017-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு உலகில் 5 நகரங்களைக் குப்பை மேலாண்மைக்காகக் குறிப்பிட்டுப் பாராட்டியது. அவற்றுள் ஒன்று ஜப்பானின் ஒசாகா. மற்றொன்று மலேசியாவின் பினாங்கு. அவற்றோடு ஆலப்புழையும் இடம் பெற்றது.

ஆனால் பாராட்டு வந்ததும் வேலை முடிந்து விடவில்லை. குழாயை நட்டால் மட்டும் போதாது. நாள்தோறும் அதைப் பயன்படுத்த வேண்டும். அடுப்பு எரியும் வரை குப்பையும் உண்டு. அதனால் இது தினமும் செய்ய வேண்டிய வேலை. பல் துலக்குவது போல, வாசல் பெருக்குவது போல ஒரு வேலை.

வாசலைப் பெருக்கிக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுபவரை ஊர் பொறுக்காது. ஒரு நகரம் தன் குப்பையை அடுத்த ஊரில் தள்ளுவதும் அதே செயல்தான். அதை நிறுத்தும் வலிமை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதற்கு மூன்று பாத்திரங்களும் ஒரு துணிப்பையும் போதும்.

நினைவில் கொள்க

1. ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் கலக்கக் கூடாது.
2. பிளாஸ்டிக் பையில் உணவைக் கட்டி எறியக் கூடாது.
3. ஈரக் குப்பையோடு காய்ந்த இலையும் சேர்த்தால் நாற்றம் வராது.
4. சிரட்டை, குவளை, டயர் ஆகியவற்றில் மழைநீர் தேங்க விடக் கூடாது.
5. குப்பையை எரிக்கக் கூடாது.
6. வேலையை வீட்டில் உள்ள எல்லாரும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும்.

பயிற்சி

அ. விடை கூறுக.

1. சர்வோதயபுரம் மக்கள் ஏன் லாரிகளைத் தடுத்தார்கள்?
2. காற்று இல்லாத இடத்தில் மக்கும் குப்பை என்ன ஆகும்?
3. உரக் குழாயில் புழு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஆ. மக்குபவை எவை, மக்காதவை எவை என்று பிரித்து எழுதுக.

வாழைப்பழத் தோல், பால் பாக்கெட், கருவேப்பிலை, மருந்துக் குப்பி, தேயிலைச் சக்கை, பழைய செருப்பு

இ. கணக்கிடுக.

வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையை 300 கிராமால் பெருக்குக. ஒரு மாதத்தில் எத்தனை கிலோ குப்பை சேரும்?

ஈ. கலந்து பேசுக.

இந்த ஊரின் குப்பை எங்கே கொட்டப்படுகிறது? அந்த இடத்தின் பக்கத்தில் யார் வாழ்கிறார்கள்?